நாற்பத்தொரு சென்டிமீற்றர்

மட்டிக்களியில் போய் விழும் கான் இது.
வரைபடத்தில் பெயரில்லை, மெல்லிய நீலக் கோடு மட்டும்.
பாலத்தடியில் அதுவும் அறுந்துவிடுகிறது.
நாங்கள் நாறல் ஆறு என்போம்.
ஆறு என்ற மரியாதை எப்படியோ மிஞ்சியிருக்கிறது.

காலை, வற்றுநேரம்.
நஸ்மில் இடுப்பளவு இறங்கிக் குழாயைச் சேற்றில் நிறுத்துகிறான்.
மரச்சுத்தியலால் நான் அடிக்கிறேன்.
முதல் அடிக்கே குமிழிகள், அழுகின முட்டை மணம்.
பிறகு அடிக்கத் தேவையில்லை.
கீழிருந்து யாரோ இழுக்கிறமாதிரி
தானாகவே இறங்குகிறது.

வாயை ரப்பர் மூடியால் அடைத்து உருவினோம்.
ஒரு மீற்றருக்குக் கொஞ்சம் குறைவு.
ஓட்டோவில் மடியில் நிமிர்த்தியபடி வைத்திருந்தேன்.
சரித்தால் வருடங்கள் கலந்துவிடும்.

ஆய்வுகூடத்தில் இரும்புக் கத்தி ஆகாது.
பிளாஸ்ரிக் தகட்டால்
தொதல் வெட்டுவதுபோல் வெட்டுகிறேன்.
மேலே ஷாம்பூ பைக்கற்றின் மூலை, டயர்த் தூள்,
சட்டைப் பொத்தான் ஒன்று.
இருபத்திரண்டில் வெள்ளை மணல், விரலளவு,
முருகைக்கல் நொறுங்கல் கலந்தது.
அந்த விரலளவும் ஒரேயொரு காலை.
நஸ்மில் கிண்ணியாக்காரன்.
அதை வெட்டி முடிக்கும்வரை இரண்டு பேரும் கதைக்கவில்லை.

எழுபத்தெட்டில் கரி.
எண்ணெய்க்குதம் எரிந்த நாட்களாக இருக்கலாம்.
யாருடைய யுத்தமோ, எங்கள் கானில் படிந்திருக்கிறது.
அதற்கும் கீழே சாம்பல்நிறக் களி,
அதற்குள் மட்டிகள்,
செத்தும் வாய் திறக்காதவை.

நாற்பத்தொன்றில் பார்வைக்கு ஒன்றுமில்லை.
அக்கம்பக்கத்தைப் போலவே கறுப்பு.

மூன்று கிழமை கழித்து எண்கள் வந்தன.
ஈயத்தின் வரைபில் மேலும் கீழும் புல்,
நாற்பத்தொன்றில் பனை.

எனக்கு அந்தப் பனையைத் தெரியும்.
பாலத்துக்கு இப்பால் ஒரு தகரக் கொட்டில்,
சிவப்பு எழுத்தில் அமலதாஸ் பற்றறி வேர்க்ஸ்.
கரண்ட் வராத மாதங்கள்.
ஒழுங்கைக்கு ஒழுங்கை பழைய பற்றறியில்தான்
ரேடியோ செய்தி சொன்னது.
அப்பா தகடுகளை உருக்குவார், அசிட்டைக் கானில் ஊற்றுவார்,
பின்னேரம் அதே கானில் கை கழுவுவார்.
என் இரசாயனவியல் ரியூஷனுக்கு
ஈரம் காயாத நோட்டு.
ஈயத்தின் அணுவெண் எண்பத்திரண்டு என்று
நான் பாடமாக்கிக்கொண்டிருந்த இரவில்
அவர் அடுத்த அறையில் வயிற்றுக்குத்தில் சுருண்டு கிடந்தார்.
பித்தம் என்றார்கள்.
சீரகம் அவித்துக் கொடுத்தோம்.

நகரசபைக்கு அவசரம்.
மாரிக்கு முன் அள்ளிக் கரையில் கொட்டி,
மேலே கல் பதித்து,
நடக்க வருகிறவர்களுக்கு வாங்கு போடவேண்டும்.
கிளறவேண்டாம் என்று எழுதினேன்.
கிளறினால் எழும்பும், எழும்பினால் களப்புக்குப் போகும்.
கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து புஷ்பமலர் எழுந்தாள்.
மட்டி பொறுக்குகிறவள், காலில் சேறு காய்ந்த வெடிப்பு.
"அள்ளவும் வேண்டாம், அப்பிடியே விடவும் ஏலாது எண்டால்,
நாங்கள் எங்க இறங்கிறது, மிஸ்?"
என்னிடம் ஒரு வரைபு இருந்தது.
அதைத்தான் திரும்பவும் காட்டினேன்.

அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம்:
மாசின் மூலம், தெரிந்தால் எழுதுக.
முதலில் சிறு கைத்தொழில்கள் என்று எழுதினேன்.
இரண்டு நாள் அப்படியே கிடந்தது.
பிறகு வெட்டிவிட்டு
பாலம், தகரக் கொட்டில், ஏறத்தாழ எந்த வருடங்கள் என்றெழுதி
பெயரையும் எழுதினேன்.
கீழே கையொப்பமிட்டபோது
என் முதலெழுத்தும் அதே அ.

பின்பக்கம் பைப்படியில்
நஸ்மில் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தான்.
கறுப்பாய் ஓடியது, பிறகு சாம்பலாய், பிறகு நிறமில்லாமல்.
இந்தத் தண்ணி எங்க போகுது, நஸ்மில்?
அவன் நிமிரவில்லை.
"எங்க போகும்," என்றான்,
"கானுக்குத்தான்."